ஏழு சோடி பிக்

சனிக்கிழமை என் மகள் தினுஷாவுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மாதா கோயிலில் நான் கிட்டார் வாசிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அப்பா, நீங்கள் களைச்சுப்போவியள். றிக்சன் கீபோட்டில வாசிக்கட்டும். நீங்கள் வடிவா கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வாங்கில இருங்கோ."

களைப்பாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடமாகத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கறள் தட்டுகிறேன், துரு உதிர்க்கிற வேலை. கயிற்றில் தொங்குகிற பலகையில் இருந்துகொண்டு, வெயில் முதுகைச் சுட, காலை ஏழரையிலிருந்து நாலரை வரைக்கும் சுத்தியலால் இரும்பைத் தட்டுகிறவனுக்குக் களைப்பு என்ன புதுச் சாமானா? களைப்போடுதான் கல்யாணம் முடித்தேன், களைப்போடுதான் பிள்ளை பெற்று வளர்த்தேன். களைப்போடு ஒரு பாட்டு வாசிக்க எனக்கு ஏலாதா?

முதல் நன்மை, முதல் நற்கருணை எடுத்த அன்றைக்கு, எட்டு வயதில், வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் நின்று கேட்டவள் இவள்தான். "நான் கல்யாணம் முடிச்சுக் கோயில்ல புத்தகத்தில கையெழுத்து வைக்கேக்கை நீங்கள் மாதா பாட்டு வாசிக்கோணும் அப்பா." ஓம் என்றேன். இருபது வருடமாக அந்த ஓமை வைத்துக்கொண்டு இருக்கிறேன். இப்போது கோயில் பாட்டுக்குழுப் பொடியன் றிக்சனாம், கீபோட்டாம்.

நான் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். தினுஷா கைக்குழந்தையாக இருந்தபோது மெல்பேர்னில் இருக்கிற என் மச்சான் ஒருவன் வாங்கி, இரண்டு மாதம் தட்டிப் பார்த்து, இது மனிசன் படிக்கிற சாமான் இல்லை என்று சாமான் பெட்டிகளோடு இங்கே அனுப்பிவிட்டான். பெயரில்தான் கிட்டார். நாலு காலில் சின்ன மேசை போல நிற்கும். பத்துத் தந்தி. இடது கையில் ஓர் உருட்டிரும்பைப் பிடித்துத் தந்தியின் மேலே வழுக்கவேண்டும். காலால் பெடலை மிதித்தால் தந்தி இழுபட்டுச் சுரம் ஏறும். வலது காலடியில் இன்னொரு பெடல், அதை அமுக்க அமுக்கச் சத்தம் கூடும். வலது கையில் பெருவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் பிக், அடுத்த இரண்டு விரலுக்கும் இரண்டு உலோகப் பிக். பிக் என்றால் விரலின் உட்பக்கத்தில் மாட்டுகிற உலோக நகம். தந்தியைத் தொடுவது அதுதான், விரல் இல்லை. ஆகவே பிக் சரியில்லையென்றால் ஒன்றுமே சரியில்லை.

என் பிக் ஒன்றும் சரியில்லை. அதுதான் மூன்று வருடமாக என் ஆக்கினை.

கிட்டாரோடு வந்த சோடி போக, மச்சானுக்குச் சொல்லிச் சொல்லி இன்னும் ஐந்து சோடி எடுப்பித்துவிட்டேன், மொத்தம் ஆறு. எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கிறது. கிட்டாரோடு வந்தது தடித்த பித்தளைச் சோடி. கனகாலம் நன்றாகத்தான் இருந்தது, பிறகு மங்கிவிட்டது. பித்தளை தேய்ந்துவிட்டது என்று தகரத்துக்குள் போட்டேன். பிறகு நிக்கல், தடிப்புக் குறைந்தது. அதுவும் கொஞ்ச நாளில் மங்கல். அதைவிட மெல்லிசு, அதைவிடவும் மெல்லிசு. பிக் மெலிய மெலியச் சத்தம் கூராகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். என் கையில் மட்டும் எதுவும் கூராகவில்லை. தந்தி மாற்றினேன். ஒலிபெருக்கிப் பெட்டியில் கூர்ச்சத்தத்துக்கு ஒரு திருகு இருக்கிறது, அதை ஒன்பதுக்குத் திருகி வைத்தேன். ம்ஹூம். இந்தக் காலத்தில் ஒரு சாமானும் உருப்படியாகச் செய்கிறார்களில்லை.

சாமானை மட்டும் ஏன் சொல்வான், ஆக்களும் அப்படித்தான். யாரும் வாயைத் திறந்து கதைக்கிறார்களா? எல்லோரும் வாய்க்குள்ளே முணுமுணுப்பு. பேக்கரிப் பாண்காரனைப் பாருங்கள். முந்தி விடிய ஆறு மணிக்குப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையால் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். நான் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டுக் கேட்கும். இரண்டு வருடமாக ஆளைக் காணோம். எங்கள் ஒழுங்கை அவனுக்குக் கேவலமாகப் போய்விட்டது. என் மனைவி மக்டலினிடம் சொன்னால் ஒரு 'ம்' போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

திங்கட்கிழமை எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. செவ்வாய்க்கிழமை கப்பலில் இருக்கும்போது யோசனை வந்தது. வாங்குகிற பிக் சரியில்லையென்றால் நானே செய்தால் என்ன? கடையில் வருவதெல்லாம் கண்டவன் விரலுக்குச் செய்தது. என்னிடம் இரும்பு இருக்கிறது, கை இருக்கிறது. எஞ்சின் அறையிலிருந்து கழித்து எறிந்த மெல்லிய துருப்பிடிக்காத தகட்டில் ஒரு துண்டை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். பின்னேரம் வீட்டு விறாந்தையில் இருந்து வெட்டி, குறட்டால் வளைத்து, அரத்தால் நுனியைக் கத்தி வாய்போல ராவினேன். ஏழாவது சோடி. தந்தியில் வைத்து ஒரு இழுவை இழுத்தேன். அப்பாடா, கொஞ்சமாவது உயிர் வந்தது.

மக்டலின் குசினிக் கதவைச் சாத்தினாள். தேங்காய் திருவுகிற சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சாத்துகிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் கோயிலில் பாட்டுப் பயிற்சி. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, என் மகளின் கல்யாணம். கிட்டாரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் றிக்சனின் கீபோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தினுஷா முன்வாங்கில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள், திரும்பவும் இருந்தாள்.

"புது பிக். கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.

வாசித்தேன். மாதா பாட்டின் முதல் அடி முழுக்க. பாட்டுக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர் குனிந்துகொண்டு நின்றார்கள். கௌசிகா என்கிற பிள்ளை இரண்டு கையையும் காதடியில் வைத்துத் தலைமயிரைச் சரிசெய்வதுபோல நின்றாள். ஃபாதர் தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கு பேணாட். இன்னொரு நாளைக்குப் பாப்பமே."

"இன்னொரு நாளெண்டால் எப்ப ஃபாதர்? கல்யாணம் முடிஞ்ச பிறகோ?"

றிக்சன் மெல்ல, "அங்கிள், கொஞ்சம் கூராய் இருக்கு. அந்தத் திருகைக் குறைச்சால்..." என்றான்.

எனக்குக் கொதி வந்துவிட்டது. "கூரோ? நீ மூண்டு வருசமாக் கீபோட் தட்டுறாய், எனக்குக் கூர் எது மொட்டை எது எண்டு சொல்லித்தாறியோ? உனக்கு இந்த இடம் வேணும், அதுதானே கதை?"

பாவம், பொடியன் கீபோட்டின் மேலே குனிந்துகொண்டான். தினுஷா எழும்பி வெளியே போனாள். ஜன்னலால் பார்த்தேன், கோயில் மதிலோடு நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் ஆக்கள் சாம்பல்தீவில் இருந்து வந்து நிற்கும்போது நான் அவளை வெட்கப்படுத்திவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. எதனால் வெட்கம் என்பதுதான் விளங்கவில்லை. ஒருவருக்கும் நல்ல சத்தம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கிட்டாரின் கால்களைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போக மனமே இல்லை. போனேன். போகாமல் என்ன செய்வது? கப்பல்காரன் ஒரு தகட்டைக் காட்டி, தாங்குமா தாங்காதா என்று கேட்டான். அதற்குத்தான் அங்கே என்னை வைத்திருக்கிறார்கள். கறளுக்குக் கீழே இரும்பு தடிப்பாக இருந்தால் சுத்தியல் 'ணங்' என்னும், உப்புத் தின்றிருந்தால் 'டொக்' என்னும். ஒரு தட்டில் நான் சொல்லிவிடுவேன். அதனால்தான் காதுக்குத் தந்த மூடியை நான் ஒருநாளும் போட்டதில்லை. மூடியைப் போட்டால் தகடு சொல்வது எப்படிக் கேட்கும்? என்னோடு இருபத்திரண்டு வருடம் ஒரே பலகையில் இருக்கிற கிண்ணியா முனீப்பும் போட்டதில்லை. காதுக்குள் கூ என்று இரைந்தால், காது பழகுது என்று சொல்லிச் சிரிப்போம்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு இறங்கி, இறங்குதுறையால் நடந்துபோனேன். புதன்கிழமை நடந்ததையே யோசித்துக்கொண்டு போனேன். திடீரென்று யாரோ என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுக்க, நான் கயிற்றுக் குவியலின் மேலே மல்லாக்க விழுந்தேன். நான் நடந்த இடத்தால் ஒரு லொறி பின்பக்கமாக வந்து போனது. அதன் சில்லு நான் கையில் கொண்டுபோன தேத்தண்ணிக் கோப்பையை நசித்துவிட்டுப் போனது.

இழுத்தது முனீப்.

"யா அல்லாஹ்! உனக்கு என்ன புடிச்சிரிக்கி மச்சான்? மௌத்தாப் போயிருப்பாயே!"

"ஹோன் அடிக்காமல் பின்னால எடுக்கிறான், பேயன். அவனைப் பிடி முனீப்!"

"ஹோனா? அது பீப் பீப்பெண்டு கத்திக்கிட்டே வந்திச்சி."

"கத்தேல்லை. அது பழுது."

முனீப் என்னைத் தூக்கி இருத்தினான். பக்கத்தில் குந்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

"எனக்கு இடது காது சுத்தமா இல்ல. வலது பாதிதான். அந்தப் பாதிக் காதுக்கே அது கேட்டிச்சி பேணாட். இன்னும் கத்துது. அந்தா, திருப்புறான். கேக்குதா?"

லொறி தூரத்தில் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் உறுமுவது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"ஏழு வருசத்துக்கு முன்ன றுக்கியா என்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா" என்றான். றுக்கியா அவனுடைய மனைவி. "ஒரு பெட்டிக்குள்ள இருத்தி, காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கைய உயர்த்துங்க எண்டாங்க. நான் கைய மடியில வச்சிக்கிட்டு இருந்தன். இன்னும் தொடங்கல்ல எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். கொஞ்சத்தால கதவத் திறந்து, முடிஞ்சி, வாங்க எண்டாங்க."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

அந்தக் கயிற்றுக் குவியலில் இருந்தபடி நான் ஆறு சோடி பிக்கையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு சோடி மங்கலாம், இரண்டு சோடி மங்கலாம். ஆறும் எப்படி மங்கும்? ஏழாவதைக் கத்திபோல ராவி, திருகை ஒன்பதில் வைத்து, கோயில் நிறைய ஆக்களுக்கு முன்னால்... கௌசிகா தலைமயிரைச் சரிசெய்யவில்லை. என்ர மாதாவே, அந்தப் பிள்ளை காதைப் பொத்தியிருக்கிறாள்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தேன். குளிக்கவில்லை. மக்டலின் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"மக்டலின், பாண்காரன் வாறவனோ?"

அவள் எதிரே வந்து இருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் வாறவன்."

"பாட்டுப் போடுறவனோ?"

"ஒழுங்கை முழுக்கக் கேக்கும். நீங்கள் காலமை தின்னுற பாண் எங்கயிருந்து வருதெண்டு நினைச்சனீங்கள்? நான்தான் கேற்றடிக்கு ஓடி வாங்குறனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"இஞ்சாருங்கோ, சும்மா கத்தாதேங்கோ. காதைக் காட்டுவம் எண்டு மூண்டு தரம் சொன்னனான். உன்ர வாய்தான் பழுது, நீதான் முணுமுணுக்கிறாய் எண்டு ஏசினனீங்கள். மூண்டாந்தரம் கோப்பையை எறிஞ்சனீங்கள். பிறகு நான் விட்டிட்டன். எனக்கும் ஏலாது தானே. வீட்டு வேலையும் பாத்து, உங்களுக்கு ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் சொல்லி, ரீவியைக் குறைக்கச் சொல்லி... எனக்கும் களைக்கும்."

கோப்பையை எறிந்தது ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

"தினுஷாவுக்கும் தெரியுமோ?"

"அவள்தான் முதல் கண்டவள். திங்கக்கிழமை அழுதழுது சொன்னவள். அப்பாக்குச் சொல்லாதேங்கோ அம்மா, சொன்னால் அவர் கிட்டாரை மூடிப்போடுவார். ஆக்கள் காதைப் பொத்திறதை அவர் காணவும் கூடாது. களைப்பெண்டு சொல்லுவம் எண்டவள்."

நான் முகத்தைக் கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய் அழுதேன். வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். என் மகள் என்னைக் கோயிலை விட்டு ஒதுக்கிவிட்டாள் என்று நாலு நாள் சினந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவள் என்னை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றிருக்கிறாள். திரும்பி வரும்போது எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கிட்டாரை மூடுவது லேசு. ஆனால் மூடினால், அவள் பயந்தது சரியாகிவிடும்.

தினுஷா வேலையால் வந்ததும் கிட்டாருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து ஏழு சோடியையும் வரிசையாக வைத்தேன். தாயின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பா..."

"அழாதை. எனக்குக் கேக்காது, உனக்குக் கேக்கும். நீ தெரிவு செய். கண்ணை மூடு."

ஒவ்வொரு சோடியாக மாட்டி ஒரே அடியை வாசித்தேன். நான் தந்தியைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நான் செய்த சோடிக்கு அவளுடைய கண்ணிமை துடித்தது. "ஊசி குத்திற மாதிரி அப்பா" என்றாள். மெல்லிய நிக்கலுக்குப் பல்லைக் கடித்தாள். அதைவிடத் தடித்ததற்கு எழும்பிப் போய் ஒன்பதில் நின்ற திருகை நாலுக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப இருந்தாள். கடைசியாகத் தடித்த பித்தளைச் சோடி, நான் முதலே கழித்துப் போட்டது. இரண்டு அடி வாசிப்பதற்குள் அவளுடைய தோள் இறங்கியது.

"இதுதான்."

"இதோ? எனக்குப் பாய்க்குக் கீழ வைச்சு வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"இதுதான் உங்கட சத்தம் அப்பா. நான் சின்னனில கேட்டது."

பிக்கைக் குறட்டால் கொஞ்சம் விரித்து, விரலுக்குப் பொருத்தி, ஓரத்தை அரத்தாளால் தேய்த்து மழுக்கினேன். மழுக்க மழுக்க எனக்குச் சத்தம் இன்னும் தூரப் போனது. தடித்த தந்திகள் கேட்டன. மேல்தந்திகள் தொட்ட உடனே அணைந்தன. கண் இருக்கிறது, தந்திக்குக் கீழே சுரத்துக்குச் சுரம் கோடு இருக்கிறது, எந்தக் கோட்டில் இரும்பை வைப்பது என்று கைக்குத் தெரியும். அதெல்லாம் சமாளிக்கலாம். ஒன்றுதான் பயம். மாதா பாட்டின் கடைசிச் சுரம் உச்சியில் வருகிறது. அதை நீட்டி, காலால் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கொடுத்து, தானாக முடியும்வரை பிடிக்கவேண்டும். முந்திக் கையை எடுத்தால் அறுத்ததுபோல இருக்கும். அது எப்போது முடிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நான் உங்களைப் பாத்துக்கொண்டு நிப்பன்" என்றாள் தினுஷா. "முடிஞ்சதும் தலையை ஆட்டுறன். அதுக்குப் பிறகு கையை எடுங்கோ."

"அப்ப வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ அப்பா."

வெள்ளிக்கிழமை றிக்சனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "சீச்சீ, என்ன அங்கிள்" என்று என் கையைப் பிடித்தான். என் வாசிப்புக்குக் கீழே மெல்லிய சுரம் மட்டும் கீபோட்டில் பிடித்துத் தருவதாகச் சொன்னான். நல்ல பிள்ளை.

சனிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. முனீப்பும் றுக்கியாவும் பின்வாங்கில் இருந்தார்கள். முனீப் நல்ல காதை முன்னுக்குத் திருப்பிக்கொண்டு இருந்தான். நான் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட்டேன். பூசை முடிந்ததும் பக்கத்து மேசையில் கல்யாணப் பதிவுப் புத்தகத்தை விரித்தார்கள். நான் போய்க் கிட்டாரின் முன்னால் இருந்து பித்தளையை விரலில் மாட்டினேன்.

வாசித்தேன். மாப்பிள்ளை கையெழுத்து வைத்தான். தினுஷா குனிந்து கையெழுத்து வைத்தாள். சாட்சிக்காரர் வைத்தார்கள். எனக்குக் கேட்டது பாதிப் பாட்டுத்தான். மீதியைக் கோடு பார்த்து வாசித்தேன். கௌசிகாவைப் பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காதை அவள் தொடவில்லை.

கடைசிச் சுரத்துக்கு இரும்பை மேலே கொண்டுபோய் நிறுத்தி, விரலால் தட்டினேன். ஒரு கணம் கேட்டது. பிறகு எனக்கு ஒன்றுமில்லை. காலால் மெல்ல மெல்லத் திறந்தேன். தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். நான் காத்திருந்தேன். ஃபாதர் புத்தகத்தை மூடினார். மக்டலின் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். காலில் சத்தப் பெடல் கடைசிவரை போய் முட்டிவிட்டது, இதற்கு மேல் திறக்க ஒன்றும் இல்லை. தந்தியின் நடுக்கமும் இரும்பில் நின்றுபோனது. றிக்சன் கீபோட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தான். வாங்குகளில் ஆக்கள் எழும்பத் தொடங்கினார்கள். முடிந்திருக்கவேண்டும், எப்போதோ முடிந்திருக்கவேண்டும்.

தினுஷா, பாட்டை முடிய விட மனமில்லாதவள்போல, என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.